மங்கிய நீலமும் மங்காத கலைஞரும்

ஓவியர் ஒருவரின் வாழ்க்கையை அவர் தீட்டிய உருவங்களிற் காண்பது வழக்கம். அவர் குழைத்த வண்ணங்களிற் காண்பது அரிது. ஒல்லாந்து நாட்டுப் பெருங்கலைஞர் றெம்பிராண்டின் முதுமையை அறிய விழைவோர், நிறமிழந்துபோன ஒரு நீலப்பொடியின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

1606ஆம் ஆண்டில் லெய்டன் நகரிலே, தானியம் அரைக்கும் காற்றாலைக்காரர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1620இல் பல்கலைக்கழகத்திற் பெயர் பதியப்பெற்றும் அவர் உள்ளம் தூரிகையையே நாடிற்று. 1631 அளவில் அம்ஸ்ரர்டாமிற் குடியேறினார். 1634இற் சஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். புகழும் பொருளும் பெருகின. 1639இல் 13,000 கில்டர் விலைபேசி மாளிகையொன்றை வாங்கினார். ஆயின் முதற் குழந்தைகள் மூவரும் தொட்டிலிலேயே மடிந்தனர். நான்காம் மகவாகிய தீத்துஸ் மட்டும் பிழைத்தான். 'இராக்காவல்' என்னும் பேரோவியம் நிறைவெய்திய 1642ஆம் ஆண்டிலேயே சஸ்கியாவும் கண்மூடினார்.

ஒல்லாந்தக் கம்பனி கொழும்பைக் கைப்பற்றிய ஆண்டு 1656. நாடு செல்வச் செருக்கில் திளைத்த அவ்வாண்டிலேயே, றெம்பிராண்ட் கடனிறுக்க வகையற்றுத் தம் உடைமை முழுவதையும் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தார். அப்போது எழுதப்பட்ட பொருட்பட்டியலில், கிரேக்க மகாகவி ஹோமரின் சிலையொன்றும் இடம்பெற்றிருந்தது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான 1658இல் அவர்தம் மாளிகையும் விலைப்பட்டது.

வாடகை வீட்டில் வாழ்ந்த அக்காலத்திலே அவர் மிகுதியாகக் கையாண்ட பொருள்களுள் ஒன்று 'ஸ்மால்ற்று' என்னும் நீலப்பொடி. சக்சனி மலைச் சுரங்கங்களில் எடுத்த கோபாற்றுக் கனியத்தை வறுத்து, படிக மணலோடும் சாம்பலுப்போடும் உலையில் உருக்குவர். உருகிய நீலக் கண்ணாடியைத் தண்ணீரில் ஊற்றினால் அது நொறுங்கும். அதனை அரைத்துப் பொடியாக்குவர். பருமனாக அரைத்தால் நிறம் ஆழ்ந்திருக்கும்; நுணுக்கி அரைத்தால் வெளிறிவிடும். ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த நீலக்கல்லின் வண்ணமோ பெருவிலையுடையது. எனவே கண்ணாடி நீலம் எளியோருக்கு உற்ற துணையாயிற்று.

றெம்பிராண்ட் அதனை நீலத்திற்காக மட்டும் கொள்ளவில்லை. கோபாற்று எண்ணெயை விரைவில் உலர்த்தும். கண்ணாடித்துகள் வண்ணத்திற்குத் தடிப்பும் ஒளியூடுருவும் தன்மையும் அளிக்கும். ஆதலின் செந்நிறத்தோடும் கபிலநிறத்தோடும் அதனைக் கலந்து குழைத்தார். சிசிலித் தீவுச் செல்வர் அந்தோனியோ ரூபோவுக்காக 1663இல் முடித்த 'ஹோமர்' ஓவியத்திலும் அப்பொடி பலவிடத்தும் விரவியிருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். முதலில் அனுப்பியபோது அரைகுறையென்று திருப்பப்பட்ட ஓவியம் அது. சிலையை இழந்த கலைஞர், பார்வையிழந்த கவிஞரை மீண்டும் எடுத்து முடித்துக் கொடுத்தார்.

அந்நீலத்துக்கும் ஒரு விதி இருந்தது. எண்ணெயிற் கிடக்கும் கண்ணாடியிலிருந்து பொற்றாசியம் சிறிது சிறிதாக வெளியேறும். அதனாற் கோபாற்றைச் சூழ்ந்த அணுக்களின் அமைப்பு மாறி, நீலம் சாம்பலாகிவிடும். இன்று நாம் காணும் மங்கலான கபிலப் பரப்புக்கள் சில, அவர் தீட்டிய நாளில் வேறு நிறங் காட்டியிருத்தல் கூடும். அவருடைய முதுமை ஓவியங்களின் இருளையெல்லாம் உள்ளத்துயரின் சாயலென உரைப்போர் இவ்வுண்மையையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

1663இல் வாழ்க்கைத் துணையாயிருந்த ஹென்றிக்கியே இறந்தார். 1668இல் ஒரே மகன் தீத்துஸும் மறைந்தான். 1669 அக்டோபர் 4ஆம் நாள், 63ஆம் வயதில் றெம்பிராண்ட் உயிர்நீத்தார். மேற்குத் தேவாலயத்தில், பெயர் பொறிக்காத வாடகைக் குழியொன்றில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

பின்னாளில் தீயினாற் சிதைந்து குறுகிய 'ஹோமர்' ஓவியம் இன்று ஹேக் நகரின் மௌரிற்சுயிஸ் காட்சிச்சாலையில் உள்ளது. பொடியின் நீலம் போயிற்று, ஓரங்கள் எரிந்தன. ஆயினும் பார்வையற்ற அம்முகத்தில் உறையும் ஒளி காண்போரை இன்றும் நிறுத்திவிடுகின்றது. மலிந்த பொடியைக் குழைத்த கை, வறுமையிலும் தன் தரத்தைத் தாழ்த்தவில்லை.