மண்ணிடம் பாடங் கேட்ட அல்பேட் ஹவார்ட்

ஏருழுதலினும் எருவிடுதல் மேலென்று கண்டவர் வள்ளுவர். அவ்வுண்மையை ஆய்வுக்களத்தில் நிறுவ வாழ்நாளைச் செலவிட்டவர் அல்பேட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர். கல்முனை வயல்வெளிகளை நாடோறுங் கண்டுவரும் யான் அன்னாரைப் பற்றி இன்று எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டுப் பசளைத் தடையின் பின்னர், சேதனப் பசளை என்னுஞ் சொல்லே நம்மவர் பலர்க்குக் கசப்பாயிற்று. அக்கசப்பு ஹவார்டின் கொள்கையைச் சாருமா என்பதே வினா.

அன்னார் 1873 இல் இங்கிலாந்தில் உழவர் குடியிற் பிறந்தார். கேம்பிரிச்சிற் பயின்று, மேற்கிந்தியத் தீவுகளிற் பயிர்நோய் ஆராய்ந்தார். ஆய்வுகூடத்தில் அமர்ந்து அறிவுரை கூறுவோன், அதனைத் தன் நிலத்திற் செய்து காட்ட வல்லனோ என்ற ஐயம் ஆங்கேயே அவருள்ளத்தில் முளைத்தது.

1905 இல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்திற் பணியேற்றார். அவ்வாண்டே அவரை மணந்த கபிரியேல், தாவர உடலியல் வல்லுநர், ஆய்விலுந் துணைவியார். இருவரும் உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமையினங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆயினும், நல்விதையும் நலிந்த மண்ணிற் பயன்தராது என உணர்ந்த ஹவார்ட், அயலிலிருந்த உழவரையே ஆசிரியராகக் கொண்டார். நஞ்சு தெளியாமலே அவர்தம் பயிர் செழித்ததைக் கண்டு வியந்தார். பூச்சியும் நோயும் பகையல்ல, மண்ணின் குறையை உணர்த்தும் தூதர் என்பது அவர் முடிபு. இம்முடிபை இன்றைய அறிவியல் முற்றாக ஏற்பதில்லை. எனினும் மண்ணின் உயிர்வளம் பயிர்க்கு இன்றியமையாதது என்பதை மறுப்பாருமில்லை.

1924 இல் இந்தூரில், 300 ஏக்கர் நிலத்தில் ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். ஆங்கே யஸ்வந்த் வாட் என்பாருடன் கூடிக் கண்டதே இந்தூர் முறைக் கூட்டெரு. பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரமுங் காற்றும் அளவாய் நிற்கப் புரட்டிவரின் ஏறக்குறைய 90 நாளில் எரு விளையும். நுண்ணுயிர்களே அதன் உழைப்பாளர். 1930 இற் கபிரியேல் மறைந்தார். மறுவருடம் ஹவார்ட் தாயகம் மீண்டு, 1947 இல் மறையும்வரை இக்கொள்கையைப் பரப்பினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் சிலவும் அம்முறையைக் கைக்கொண்டன.

இனி வினாவுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குப் போதிய கூட்டெரு எங்ஙனம் ஆயத்தமாகும்? அடுத்த பெரும்போகத்தில் நெல்விளைவு பெரிதும் வீழ்ந்தது. கடன்பட்டு விதைத்தவர் கலங்கினர். நம் வயல்களிற் பயிராகும் புதிய நெல்லினங்கள் மிகுந்த ஊட்டம் வேண்டுவன. அதனைத் திடீரென நிறுத்துதல், உண்போன் முன்னிருந்த சோற்றைப் பறித்துவிட்டு உலை வைத்தலை ஒக்கும். ஹவார்டோ பல்லாண்டு மண்ணைப் பார்த்தார். செய்து கண்ட பின்னரே சொன்னார். ஆகவே தோற்றது பொறுமையின்மை, கூட்டெரு அன்று.

சூடடித்தபின் வயலிலே தீயிடும் வைக்கோலும், நீர்நிலைகளை அடைக்கும் ஆற்றுவாழையும் ஹவார்டின் கண்ணுக்குச் செல்வமாகவே தோன்றும். ஆசிரியரும் மாணவரும் பள்ளி வளவில் ஒரு குழி தோண்டி, 90 நாள் காத்திருந்து பார்ப்பாராக. உழவர்க்கு உரைக்கும் உரிமை அதன் பின்னரே நமக்கு உண்டாகும்.