ஜான் கோல்மன்

ஜான் டக்ளஸ் கோல்மன் (நவம்பர் 23, 1928 – ஏப்ரல் 5, 1973) ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து ஆட்டக்காரரும் பயிற்றுநரும் ஆவார். மெல்போர்ன் நகரைச் சேர்ந்த எசண்டன் கழகத்துக்காக 1949 முதல் 1954 வரை 98 ஆட்டங்களில் ஆடி 537 கோல்கள் அடித்தார். 25 வயதில் முழங்கால் காயத்தால் இவரது ஆட்ட வாழ்வு முடிவுற்றது. பின்னர் அதே கழகத்தின் பயிற்றுநராக இருந்து 1962, 1965 ஆகிய ஆண்டுகளில் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஆஸ்திரேலியக் காற்பந்துக் கூட்டிணைவில் (ஏஎஃப்எல்) ஒவ்வொரு பருவத்திலும் மிகுதியான கோல் அடிப்பவருக்கு வழங்கப்படும் கோல்மன் பதக்கம் இவரது பெயரைக் கொண்டது. இத்தகைய ஆட்டக்காரரை எசண்டன் கழகம் தன் அணியில் சேர்ப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் தயங்கியது என்பது இவரது வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி.

ஆட்டம் குறித்த சில விளக்கங்கள்

ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து, நம் நாட்டில் ஆடப்படும் கால்பந்தாட்டத்திலிருந்து வேறுபட்டது. நீள்வட்ட வடிவப் பந்தைக் கொண்டு நீள்வட்டத் திடலில் அணிக்குப் பதினெண்மர் ஆடுகின்றனர். திடலின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவில் உள்ள இரு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல். அதற்கு ஆறு புள்ளிகள். அதன் இருபுறமும் உள்ள இடைவெளியில் பந்து சென்றால் பிஹைண்ட். அதற்கு ஒரு புள்ளி மட்டுமே. எனவே கோல் நோக்கி எத்தனை முறை உதைத்தார்கள் என்பதைவிட, எவ்வளவு குறி தவறாமல் உதைத்தார்கள் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

உதைக்கப்பட்டு வரும் பந்தைத் தரையில் விழுமுன் கையால் பிடித்தால் அது மார்க் எனப்படும். மார்க் பிடித்தவருக்கு இடையூறின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும். எதிரணியின் கோல் கம்பங்களுக்கு மிக அருகில் நிற்பவர் ஃபுல் ஃபார்வர்டு. இவர் பெரும்பாலும் தாமே பந்தைத் தேடிச் செல்வதில்லை. நடுக்களத்தில் உள்ளவர்கள் உதைத்து அனுப்பும் பந்தை மார்க் பிடித்துக் கோலாக்குவதே இவரது பணி. கோல்மன் ஆடியது இந்த இடத்தில்தான்.

இளமை

கோல்மன் விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் உள்ள போர்ட் ஃபேரி என்னும் சிற்றூரில் நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பின்னர் குடும்பம் மெல்போர்னுக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மார்னிங்டன் தீபகற்பத்தில் உள்ள ஹேஸ்டிங்ஸ் என்ற ஊருடன் தொடர்பு ஏற்பட்டது. மெல்போர்னிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள கடற்கரை ஊர் இது. பெரியவர்கள் ஆடும் உள்ளூர் அணியில் கோல்மன் பதின்ம வயதிலேயே இடம்பெற்றார். பல்கலைக்கழக உயர்நிலைப் பள்ளியில் படித்த இவர், பின்னர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பயின்றார்.

தேர்வாளர்களின் தயக்கம்

1946 இல் எசண்டன் கழகம் கோல்மனைப் பயிற்சிக்கு அழைத்தது. அப்போது எசண்டன், பன்னிரு கழகங்கள் கொண்ட விக்டோரியக் காற்பந்துக் கூட்டிணைவில் (விஎஃப்எல்) மிக வலுவான அணிகளுள் ஒன்று. டிக் ரெனால்ட்ஸ் அதன் தலைவராகவும் பயிற்றுநராகவும் ஒருங்கே விளங்கினார். அவ்வாண்டுக் கோப்பையையும் எசண்டனே வென்றது. ஃபுல் ஃபார்வர்டு இடத்தில் பில் பிரிட்டிங்ஹாம் ஆடிவந்தார். 1946 இல் 66 கோல்களுடன் கூட்டிணைவிலேயே முதலிடம் பெற்றவர் அவர். ஆகவே அந்த இடத்துக்கு ஆள் தேட வேண்டிய அவசரம் தேர்வாளர்களுக்கு இருக்கவில்லை.

அடுத்த இரு ஆண்டுகளிலும் பருவம் தொடங்குமுன் நடைபெற்ற பயிற்சி ஆட்டங்களில் கோல்மன் ஆடினார். தேர்வாளர்கள் கவரப்படவில்லை. இருமுறையும் இவர் ஹேஸ்டிங்ஸுக்குத் திரும்பினார்.

இத்தகைய பயிற்சி ஆட்டங்களின் தன்மையை இங்கு அறிந்துகொள்வது பயனுள்ளது. அக்காலத்தில் ஆஸ்திரேலியாவில் காற்பந்துப் பருவம் ஏப்ரல் வாக்கில் தொடங்கியது. அதற்கு முந்தைய வாரங்களில் கழகங்கள் தம்மிடம் உள்ள பழைய ஆட்டக்காரர்களையும் புதிதாக வந்தவர்களையும் கலந்து அணிகளாகப் பிரித்து ஆடவிட்டுத் தேர்வு செய்தன. இடம் பிடிக்க முனையும் ஒவ்வோர் இளைஞரும் தம் திறமையைக் காட்டவே முயல்வார். நடுக்களத்தில் ஆடுபவருக்கு இது ஏற்றது; பந்து இருக்கும் இடத்துக்கு ஓடிச் சென்று கண்ணில் படலாம். ஃபுல் ஃபார்வர்டின் நிலை வேறு. பிறர் சரியாக உதைத்துத் தராவிட்டால் அவர் கம்பத்தடியில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். அந்த இடத்துக்கான ஆட்டக்காரரை எடைபோடுவதற்குப் பயிற்சி ஆட்டம் சரியான உரைகல் அன்று.

ஹேஸ்டிங்ஸில் கோல்மனின் ஆட்டமோ வேறு கணக்கைச் சொன்னது. 1948 பருவத்தில் மட்டும் இவர் 160 கோல்கள் அடித்தார். சொரெண்டோ அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 23 கோல்கள். 1947, 1948 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து 37 ஆட்டங்களில் 296 கோல்கள். நாட்டுப்புறக் கூட்டிணைவின் தரம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் இந்த எண்ணிக்கையை அதனால் மட்டும் விளக்கிவிட இயலாது.

1948 இறுதிப்போட்டி

எசண்டனின் தயக்கத்துக்கு உரிய விலை 1948 அக்டோபரில் தெரியவந்தது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் அக்டோபர் 2 அன்று நடந்த இறுதிப்போட்டியில் எசண்டனும் மெல்போர்ன் கழகமும் மோதின. மெல்போர்ன் 10 கோல், 9 பிஹைண்ட் எடுத்து 69 புள்ளிகள் பெற்றது. எசண்டன் எடுத்ததும் 69 புள்ளிகளே. ஆனால் அது 7 கோல், 27 பிஹைண்ட். அதாவது மெல்போர்ன் 19 முறை புள்ளி எடுத்தபோது எசண்டன் 34 முறை எடுத்தும் சமநிலைக்கு மேல் செல்ல முடியவில்லை. கூட்டிணைவின் வரலாற்றில் சமநிலையில் முடிந்த முதல் இறுதிப்போட்டி இது. ஒரு வாரம் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் மெல்போர்ன் 89–50 என எளிதாக வென்றது.

அந்த 27 பிஹைண்டுகளில் ஒன்று கோலாகியிருந்தாலும் எசண்டனுக்குக் கோப்பை கிடைத்திருக்கும். அவ்வாண்டில் 160 கோல் அடித்த இளைஞர் எழுபது கி.மீ. தொலைவில் இருந்தார். கழகம் அவரை இருமுறை பார்த்துவிட்டு அனுப்பியிருந்தது.

1949 தொடக்க ஆட்டம்

1949 பருவத்துக்கு முன் தேர்வாளர்கள் கோல்மனை அணியில் சேர்த்தனர். இது ஓர் இளைஞரைச் சேர்ப்பதோடு முடியும் செயல் அன்று. அக்காலத்தில் ஆட்டத்துக்குப் பதினெண்மரும் மாற்று ஆட்டக்காரர் இருவரும் ஆக இருபது பேரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். திடலை விட்டு வெளியேறியவர் மீண்டும் ஆட வர இயலாது. ஆகவே ஒவ்வோர் இடமும் மதிப்புடையது. கோல்மனுக்கு இடம் தர, முன்னாள் முதன்மைக் கோலாளரான பிரிட்டிங்ஹாம் திடலின் மறுமுனைக்கு, அதாவது தம் அணியின் கோலைக் காக்கும் ஃபுல் பேக் இடத்துக்கு மாற்றப்பட்டார். கோலடித்துப் பெயர் பெற்ற ஒருவர் கோலைத் தடுக்கும் பணியை ஏற்று அதிலும் சிறந்து விளங்கியது பெரிதாகப் பேசப்படுவதில்லை. கோல்மனின் வெற்றியில் அவருக்கும் பங்குண்டு.

பருவத்தின் முதற்சுற்று ஏப்ரல் 16, 1949 அன்று, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையில், எசண்டனின் விண்டி ஹில் திடலில் ஹாதார்ன் கழகத்துக்கு எதிராக நடைபெற்றது. கோல்மன் தம் முதல் உதையிலேயே கோல் அடித்தார். ஆட்டம் முடியும்போது அவரது கணக்கில் 12 கோல்கள் இருந்தன. இந்தக் கூட்டிணைவில் அறிமுக ஆட்டத்தில் வேறெவரும் இத்தனை கோல்கள் அடித்ததில்லை.

அப்பருவத்தின் இறுதிப்போட்டிக்கு வந்தபோது கோல்மன் 94 கோல்கள் எடுத்திருந்தார். எசண்டன் கார்ல்டனை 125–52 என்ற கணக்கில் வீழ்த்தியது. ஆட்டத்தின் முடிவு முன்பே தெளிவாகிவிட்டதால், கோல்மன் நூறைத் தொடுவாரா என்பதே பார்வையாளர்களின் கவலையாயிற்று. கடைசி நிமிடங்களில் தம் ஆறாவது கோலை அடித்து 100 ஐ எட்டினார். முதல் பருவத்திலேயே நூறு கோல் அடித்தவர் இவர் ஒருவரே.

ஆட்ட முறை

கோல்மன் ஏறத்தாழ 185 செ.மீ. உயரமும் ஒல்லியான உடலும் கொண்டவர். கம்பத்தடியில் நிற்கும் பருத்த உடலினரை நம்பியே ஃபுல் ஃபார்வர்டு இடம் நிரப்பப்பட்ட காலத்தில் இவரது தோற்றம் தேர்வாளர்களுக்கு நம்பிக்கை தராமல் போயிருக்கலாம். ஆனால் இவரது வலிமை துள்ளலில் இருந்தது. காவல் நிற்பவரின் தோளுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பார். நிலத்தில் விரைந்து ஓடித் தனியிடம் காணும் திறனும் இருந்தது. பிடித்தபின் குறி தவறுவது அரிது. விண்டி ஹில்லில் ஒவ்வொரு கால்பகுதி முடிந்ததும் பார்வையாளர்கள் கோல்மன் ஆடும் முனைக்கு இடம்பெயர்வது வழக்கமாயிற்று.

எதிரணியினர் இவரைத் தடுக்க இருவர் மூவராகச் சூழ்ந்தனர். சட்டையைப் பிடித்திழுப்பதும் நடுவர் காணாத வேளையில் இடிப்பதும் நிகழ்ந்தன. 1950 இல் இவர் 120 கோல்கள் அடித்தார். எசண்டன் வட மெல்போர்னை வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றது.

1951 தடை

1951 பருவத்தின் கடைசிச் சுற்றில், இறுதிச் சுற்றுகள் தொடங்க ஒரு வாரமே இருந்தபோது, கார்ல்டனின் ஹாரி காஸ்பர் என்ற பின்கள ஆட்டக்காரருக்கும் கோல்மனுக்கும் கைகலப்பு ஏற்பட்டது. கோல்மன் தாக்குதலுக்குப் பதிலடியாகவே அடித்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. எனினும் கூட்டிணைவின் தீர்ப்பாயம் இருவருக்கும் தலா நான்கு ஆட்டத் தடை விதித்தது. கார்ல்டன் இறுதிச் சுற்றுகளில் இல்லை. எனவே அதற்கு இழப்பு எதுவுமில்லை. எசண்டனோ தன் முதன்மை ஆட்டக்காரரை இழந்தது. தண்டனை அளவில் ஒன்றாயினும் விளைவில் ஒன்றன்று. தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்த கோல்மன் கண்ணீர் விட்டார்.

ஆயினும் எசண்டன் இறுதிப்போட்டி வரை முன்னேறியது. ஆள் பற்றாக்குறை எந்த அளவுக்கு இருந்தது எனில், முந்தைய ஆண்டே ஓய்வுபெற்றிருந்த பயிற்றுநர் ரெனால்ட்ஸ், 36 வயதில், இருபதாவது ஆளாகத் தம்மையே தேர்ந்தெடுத்துக் கடைசிக் கால்பகுதியில் திடலில் இறங்கினார். ஜீலாங் 81–70 என வென்றது. பதினொரு புள்ளிகள் என்பது இரண்டு கோல்களுக்கும் குறைவு.

காயமும் ஓய்வும்

1952 இல் 103 கோல்களும் 1953 இல் 97 கோல்களும் அடித்துக் கோல்மன் மீண்டும் கூட்டிணைவில் முதலிடம் பெற்றார். 1949, 1950 ஆகிய ஆண்டுகளையும் சேர்த்து நான்கு முறை இவருக்கு இவ்விடம் கிடைத்தது.

1954 பருவத்தின் ஏழாம் சுற்றில் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக 14 கோல்கள் அடித்தார். இதுவே இவரது மிக உயர்ந்த எண்ணிக்கை. அடுத்த வாரம் வட மெல்போர்னுக்கு எதிரான ஆட்டத்தில் தரையில் விழுந்தபோது முழங்கால் மூட்டு நழுவியது. எட்டு ஆட்டங்களில் 42 கோல்களுடன் அப்பருவம் முடிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1956 பருவத்துக்குத் தயாராக முயன்றார். முழங்கால் இடம் தரவில்லை. 

98 ஆட்டங்களில் 537 கோல்கள் என்பது ஆட்டத்துக்குச் சராசரியாக 5.48 ஆகும். பிற்காலத்தில் ஹாதார்னின் பீட்டர் ஹட்சன் மட்டுமே (129 ஆட்டங்களில் 727 கோல்கள்) இதனை விஞ்சினார்.

பயிற்றுநராக

ஆட்டத்தை விட்டபின் கோல்மன் விடுதித் தொழிலில் ஈடுபட்டார். 1961 இல் ரெனால்ட்ஸுக்குப் பின் எசண்டனின் பயிற்றுநரானார். தேர்வாளர்களால் புறக்கணிக்கப்பட்டவர் இப்போது பிறரைத் தேர்வு செய்யும் இடத்துக்கு வந்தார். 1962 இறுதிப்போட்டியில் எசண்டன் கார்ல்டனை 32 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. 1965 இல் பட்டியலில் நான்காம் இடத்திலிருந்து முன்னேறி, இறுதிப்போட்டியில் செயின்ட் கில்டாவை 35 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் டெட் ஃபோர்டம் ஏழு கோல்கள் அடித்தார். உடல்நலக் குறைவால் கோல்மன் 1967 பருவத்துடன் பொறுப்பிலிருந்து விலகினார்.

மறைவு

கோல்மன் ஏப்ரல் 5, 1973 அன்று மார்னிங்டன் தீபகற்பத்தின் டிரொமானா என்ற ஊரில் இதய நோயால் காலமானார். அப்போது வயது 44. அன்று வியாழக்கிழமை, வார இறுதி ஆட்டங்களுக்குக் கழகங்கள் அணிகளைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் நாள். அவ்வாண்டுப் பருவத்தின் முதற்சுற்றுக்கு இரண்டு நாட்களே இருந்தன.

சிறப்புகள்

1981 முதல் கோல்மன் பதக்கம் வழங்கப்பட்டு வருகிறது. இறுதிச் சுற்றுகளில் அடிக்கப்படும் கோல்கள் இதற்குக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. இவ்விதியை அப்படியே பொருத்திப் பார்த்தால், 1949 இறுதிப்போட்டியில் கோல்மன் அடித்த நூறாவது கோலும் கணக்கில் வராது. 1996 இல் ஆஸ்திரேலியக் காற்பந்துப் புகழ் மன்றம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பன்னிரு பெருவீரர்களுள் ஒருவராக இவர் அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட நூற்றாண்டின் சிறந்த அணியில் ஃபுல் ஃபார்வர்டு இடம் இவருக்கே தரப்பட்டது. இவரது சிலைகள் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியிலும் ஹேஸ்டிங்ஸிலும் உள்ளன.