எங்கிருந்து வந்தாய்?

ஆப்பிரிக்காவில் பணிபுரிந்து விடுமுறைக்கு ஊர் திரும்பிய என் தாய்மாமன் காய்ச்சலில் படுத்தார். உடல் தூக்கிப் போட்டது. போர்வை மூன்றும் போதவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்து கொடுத்தனர். ஐந்தாம் நாள் வந்த ஓர் இளம் மருத்துவர் மட்டும், எங்கிருந்து வந்தார் என்று கேட்டார். இரத்தத்தைச் சோதித்தார், மலேரியா என்றார். மாமா பிழைத்தார். அந்த ஒரு கேள்வியே என்னை சர் பேட்ரிக் மான்சனிடம் அழைத்துச் சென்றது.

1844இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மான்சன், மருத்துவம் பயின்று 1866இல் பார்மோசாவுக்குச் சென்றார். பின்னர் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றுகையில், யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் கண்டறிந்தார்.

தாயகம் திரும்பியபின் லண்டனில் மாலுமிகளுக்கான மருத்துவமனையில் பணி ஏற்றார். வெப்ப நாடுகளிலிருந்து வந்த கப்பல்கள் சரக்கோடு காய்ச்சலையும் இறக்கின. அங்குள்ள மருத்துவர் பலருக்கு அந்நோய்கள் புதியவை. மான்சனோ ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அம்மருத்துவமனையை ஒட்டியே 1899இல் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தோன்றியது.

1894இல் விடுமுறையில் வந்த ரொனால்டு ராஸுக்கு மலேரியா ஒட்டுண்ணியைக் காட்டி, கொசுவை ஆராயுமாறு தூண்டியவரும் அவரே. கொசு மடிந்த நீரைப் பருகுவதால் நோய் வரும் என அவர் எண்ணியது பிழை. கடியால் பரவுவதை 1898இல் கல்கத்தாவில் பறவைகளிடம் ராஸ் மெய்ப்பித்தார். தம் பிழையை மான்சன் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

மனிதரிடமும் அவ்வாறே என்று உலகம் நம்ப வேண்டுமே! 1900இல் ரோம் நகரில் நோயாளியைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்தார். கடிபட முன்வந்தவர் மருத்துவ மாணவரான அவருடைய மகனே. லண்டனிலேயே இருந்த அவ்விளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்தது. தந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! குயினைன் குணமாக்கியது. ஆயினும் சில மாதங்கள் கழித்து அக்காய்ச்சல் மீண்டும் தலைகாட்டியது. ஈரலில் உறங்கிக் கிடக்கும் ஒருவகை ஒட்டுண்ணியின் வேலை அது என இன்று அறிவோம்.

எனவே, சென்ற வாரம் எங்கிருந்தாய் என்று கேட்டால் போதாது. சென்ற ஆண்டு எங்கிருந்தாய் என்றும் கேட்க வேண்டும். 1922இல் மான்சன் மறைந்தார். பயணம் போய் வந்தவரின் காய்ச்சலுக்கு ஒரு கேள்வியும் ஒரு துளி இரத்தமும் வேண்டும் என்பதை என் மாமாவின் கட்டிலருகே நான் கற்றேன்.