டேட்டா சென்டர் கூலிங்குக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் என்ன தொடர்பு? யார் இந்த ரிச்சர்ட்சன்?

டேட்டா சென்டர் கட்டும் முன்பே, குளிர்ந்த காற்று எல்லா சர்வருக்கும் போய்ச் சேருமா என்று கம்ப்யூட்டர் சிமுலேஷனில் பார்த்துவிடுகிறார்கள். அறையைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பநிலை கணக்கிடப்படும். சர்வர் வெளியே தள்ளும் சூடான காற்று, சுற்றிவந்து முன்பக்கமாக மறுபடி உள்ளே நுழைந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இப்படிக் கட்டம் பிரித்துக் காற்றைக் கணக்கிடும் வேலையை, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் கையால் செய்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

போர்முனையில் கணக்கு

1881ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1910ல் கல் அணைக்குள் உருவாகும் தகைவுகளை இதே முறையில் கணக்கிட்டார். 1913ல் வானிலைத் துறையில் சேர்ந்ததும், அதைக் காற்றுமண்டலத்துக்குப் பொருத்திப் பார்த்தார்.

முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, 1916ல் பிரான்ஸ் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் கணக்குதான். 1917ல் கையெழுத்துப் பிரதியே தொலைந்துபோனது. சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

தப்பான விடை

1910 மே 20ஆம் தேதி வானிலைக்கு அவர் போட்ட கணக்கில், 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை. இருந்தும் மறைக்காமல், 1922ல் புத்தகத்தில் அப்படியே வெளியிட்டார்.

பிழை முறையில் இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது. இன்றும் அதே கதைதான். சர்வரின் வெப்ப அளவைத் தப்பாகக் கொடுத்தால், சிமுலேஷன் காட்டும் கலர் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

வேலையை விட்டது ஏன்?

1920ல் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் ராஜினாமா செய்தார். காற்றோட்டம் பற்றிய தன் ஆய்வு விஷவாயுத் தாக்குதலுக்கு உதவும் என்று தெரிந்ததும், அந்த ஆராய்ச்சியையே நிறுத்தினார். பிறகு போர்கள் ஏன் வருகின்றன என்று கணிதத்தில் தேடினார்.

1950ல் எனியாக் கம்ப்யூட்டர் வானிலையைக் கணக்கிட்டுக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டுத்தான், 1953ல் ரிச்சர்ட்சன் மறைந்தார். சூடான காற்று மேலெழும்பும் வேகத்தை ஃபேன் காற்று அடக்குமா என்று பார்க்க இன்ஜினீயர்கள் பயன்படுத்தும் அளவுக்கு, 'ரிச்சர்ட்சன் எண்' என்றே பெயர்.