அவ்வை சண்முகம்: பாட்டி வேடத்தையே தன் பெயராக்கிக்கொண்ட இந்த ஆண் நடிகர் யார்?

பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து ராயப்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு அவ்வை சண்முகம் சாலை தெரிந்திருக்கும். அதிமுக தலைமை அலுவலகம் இருக்கும் ரோடுன்னு சொன்னா சட்டுனு புரியும். முன்பு அதற்கு லாயிட்ஸ் ரோடு என்று பெயர்.

அவ்வை என்றால் பாட்டி. சண்முகம் ஆண் பெயர். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன? ஓர் ஆண் ஏன் பெண் உடை உடுத்துகிறார் என்ற கேள்விக்கு தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும் பதில்களில் ஒன்று, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை.

அப்பாவும் பெண் வேடக்காரர்

தி.க. சண்முகம் பிறந்தது 1912-ல். அவருடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை மேடையில் பெண் வேடம் போட்ட நடிகர். அந்தக் காலத்தில் இதற்கு 'ஸ்திரீபார்ட்' என்று பெயர். ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் மாதிரி இதுவும் ஒரு வேலை. புடவை கட்டுவது, நடை, குரல், பாட்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால்தான் சம்பளம். அதாவது சண்முகத்தின் வீட்டில் புடவை கட்டிய ஆண் என்பது கேலிக்குரிய விஷயமே இல்லை. வீட்டில் அடுப்பெரிந்ததே அந்தப் புடவையால்தான்.

1918-ல், சண்முகத்துக்கு 6 வயது இருக்கும்போது, அவரும் அண்ணன்களும் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் 'தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை'யில் சேர்ந்தார்கள். சின்னப் பையன் சண்முகத்துக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகத்தில் இன்றும் பேசப்படும் கதை.

பெண்களே ஏன் நடிக்கல?

நியாயமான கேள்வி. பெண்கள் மேடையில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். அதில் ஆண் வேடத்தையும் பெண்களே போட்டார்கள். ஆனால் நடிக்க வந்த பெண்ணை சமூகம் மரியாதையாகப் பார்க்கவில்லை. குடும்பப் பெண்கள் மேடை ஏறுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் பையன்கள். பாய்ஸ் கம்பெனிகளில் அவர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் படித்து, ஊர் ஊராகப் போனார்கள். உடம்பு மெலிசா, குரல் மென்மையா இருக்கிற பையனுக்குப் பெண் வேடம் கிடைக்கும். எம்.ஜி.ஆர் இப்படி ஒரு பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் சிறுவனாக சீதை வேடம் போட்டவர்.

ஆனால் இந்த வேலைக்கு ஆயுள் குறைவு. வயது வந்து குரல் உடைவதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். அது வந்துவிட்டால் பாட்டு போச்சு, வேடமும் போச்சு. எத்தனையோ பையன்களின் பிழைப்பு அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பையன்கள் யாரும் பெண் உடையைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாத்தியார் கொடுத்த வேடம் அது.

30 வயதில் ஒரு தேர்வு

சண்முகத்தின் கதை வேறாவது இங்கேதான். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாக நாடகக் குழு தொடங்கினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்ற பெயர் நிலைத்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவர்களின் குழுவில் இருந்தவர். 1935-ல் 'மேனகா' படத்தில் சகோதரர்கள் திரையிலும் நடித்தார்கள்.

1940-களின் தொடக்கத்தில் 'அவ்வையார்' நாடகம் வந்தது. அப்போது சண்முகத்துக்குக் கிட்டத்தட்ட 30 வயது. மகரக்கட்டெல்லாம் எப்போதோ தாண்டியாச்சு. குழு சொந்தக் குழு, அவர் அதன் முக்கிய நடிகர். கதாநாயகனாகவே தொடர்ந்திருக்கலாம். ஆனால் கோலூன்றி நடக்கும் கிழவியாக மேடைக்கு வந்தார்.

அழகான இளம்பெண் வேடம் இல்லை, சிரிக்க வைக்கும் வேடமும் இல்லை. மன்னர்களுக்கே புத்தி சொல்லும் ஒரு புலவர். பார்க்கிறவர்கள் ஆணையும் மறந்து, புடவையையும் மறந்து, அவ்வையை மட்டும் பார்க்க வேண்டும். அது நடந்தது. மக்கள் வேடத்தின் பெயரை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டினார்கள். அவரும் அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் அதே பாத்திரத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். அவரோ 1935-ல் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தவர்! வேடம் அந்தத் தலைமுறைக்கு இருபக்கமும் திறந்த கதவு.

பத்மஸ்ரீ விருது பெற்ற சண்முகம், தன் அனுபவங்களை 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலாக எழுதினார். 1973-ல் காலமானார். அவருடைய குழுவில் இளம் வயதில் பயிற்சி பெற்ற கமல்ஹாசன், 1996-ல் தான் பெண் வேடமிட்ட படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது குருவுக்கான மரியாதை.

எல்லாமே வேடமா?

இல்லை. ஆண்கள் பெண் உடை உடுத்த ஒரே காரணம் கிடையாது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத் தெருக்கூத்தில் திரௌபதியாக ஆண் வருவது கலை மரபு. குலசேகரன்பட்டினம் தசராவில் பெண் வேடமிடுவது நேர்த்திக்கடன். சிலருக்கு அந்த உடை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

திருநங்கைகள் விஷயம் முற்றிலும் வேறு. அவர்கள் வேடம் போடும் ஆண்கள் அல்ல, அவர்கள் உடுத்துவது அவர்களுடைய உடை. தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் புடவை கட்டியவரைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். 'பொம்பள வேஷம்' என்பதை வசவாகவே பயன்படுத்துகிறோம். கண்ணுசாமிப் பிள்ளைக்கு அது தொழில். அவர் மகனுக்கு அது கௌரவம். அதை வசவாக்கியது பார்க்கிறவர்களின் பார்வைதான்.