வெள்ளித் தட்டில் வரைந்த வையம்

பரந்த நிலத்தைச் சிறு தாளில் அடக்குவது கைத்திறன் மட்டுமன்று. தாளின் ஓர் அங்குலம் நிலத்தின் எத்தனை மைலுக்கு நிகர் என்னும் விகிதமே வரைபடத்தின் உயிர். அதனை அளவை என்பர். தொலைவைத் தேர்ந்து தெளியாமல் அளவை அமையாது என்பதை உணர்ந்து உழைத்த பேரறிஞர் அல்-இத்ரீஸி.

ஏறத்தாழ 1100ஆம் ஆண்டில் பிறந்த இவர், அண்ணல் நபிகளாரின் (ஸல்) வழித்தோன்றல். சிசிலியின் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜர் இவரைப் பலர்மோ அரசவையில் வைத்துப் போற்றினார். ஊர்களுக்கிடையேயுள்ள தொலைவு குறித்து முன்னோர் நூல்கள் முரண்பட்டன. எனவே, பயணம் செய்தோரைச் சேர்த்தும் தனித்தனியாகவும் வினவினர், ஒத்தவற்றைக் கொண்டனர், ஒவ்வாதவற்றைத் தள்ளினர். கொண்டவற்றை வரைபலகையில் இரும்பு அளவுகருவிகளால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். இப்பணி ஏறக்குறைய 15 ஆண்டுகள் நீடித்தது. அதன்பின்னரே பெரிய வெள்ளித் தட்டில் உலகப்படம் பொறிக்கப்பெற்றது.

1154இல் இத்ரீஸியின் நூலும் நிறைவுற்றது. உலகை 7 மண்டலங்களாகவும், ஒவ்வொன்றையும் 10 பகுதிகளாகவும் பகுத்து, 70 படங்களை அதில் அமைத்தார். இன்றைய படங்களிற்போல் ஒரே சீரான அளவை அவற்றில் இல்லை. அக்குறையை நூலின் உரைப்பகுதி நிரப்புகிறது. தொலைவுகளை மைல்களாலும் பயண நாள்களாலும் அது எடுத்துரைக்கிறது.

அவ்வாண்டே மன்னர் மறைந்தார். 1161இல் அரண்மனை சூறையாடப்பட்டபோது வெள்ளித் தட்டும் அழிந்தது என்பர். ஏறத்தாழ 1165இல் இத்ரீஸியும் மறைந்தார். வெள்ளி போயிற்று, தேர்ந்து எழுதிய தொலைவுகள் ஏட்டுப் படிகளில் நிலைத்தன. கோல் எடுத்துப் படம் வரையும் மாணவர், கோடிடுமுன் அளவைத் தெளிதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.