செஞ்சிக்கோட்டை சூப்பர் ஹீரோ தேசிங்கு ராஜா



இந்த மாத சுவர் இதழில் அவரவருக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ பற்றி எழுதலாம் என்றதும் எங்க வகுப்பில் ஸ்பைடர்மேன், சக்திமான், இரும்புக்கை மாயாவி என்று ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் மாயாவி பிடிக்கும். ஆனா அவர் எந்தக் கதையிலும் சாக மாட்டார், அதனால படிக்கும்போது பயமே வராது. நான் எழுதப்போகிறவர் நிஜமாக வாழ்ந்தவர். 22 வயதில் செத்துப் போனவர். அதோட, சண்டையில் தோற்றவர். அவர்தான் நம்ம தேசிங்கு ராஜா.

கோட்டையைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தேசிங்கு ராஜா கோட்டை எங்கே என்றுதான் வழி கேட்பார்கள். ஆனா கோட்டையைக் கட்டியது அவர் இல்லை. முதலில் கோனார் வம்சத்தார் கட்டியதாகச் சொல்வார்கள். பிறகு விஜயநகர ஆட்சியில் நாயக்கர்கள் பெரிசாக்கினார்கள். அதுக்கப்புறம் பீஜப்பூர் சுல்தான் கைக்குப் போனது. 1677ல் சத்ரபதி சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயப் படை 1690லிருந்து 1698 வரை எட்டு வருஷம் முற்றுகை போட்டுத்தான் பிடிக்க முடிந்தது. 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதுகூட மராட்டியர் கோட்டைகள் 12 என்ற வரிசையில்தான் செஞ்சி சேர்ந்தது. மீதி 11 மகாராஷ்டிராவில் இருக்கு. இவ்வளவு பேர் ஆண்ட இடத்தில் ஒரு வருஷம்கூட முழுசாக ஆளாத ஒருத்தர் பேர்தான் எல்லார் வாயிலும் நிற்கிறது. ஏன் அப்படி?

அவருடைய நிஜப்பேர் தேஜ் சிங். நம்ம ஊர் வாயில் தேசிங்கு ஆகிவிட்டது. புந்தேல்கண்ட் என்ற வடநாட்டுப் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திர வம்சம். அவருடைய அப்பா சொரூப் சிங். முகலாயச் சக்கரவர்த்தி ஔரங்கசீப் 1700ல் செஞ்சிக் கோட்டையை சொரூப் சிங் பொறுப்பில் கொடுத்தார். அவர் சும்மா இருக்கவில்லை. கடலூர் பக்கம் இருந்த ஆங்கிலேயர்களோட 1710, 1711 வாக்கில் சண்டை போட்டிருக்கிறார்.

தேசிங்கின் சின்ன வயசைப் பற்றிக் கதைப்பாட்டில் சொல்வது இது. டில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரை இருந்தது. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் அப்பாவே சிறையில் கிடக்கிறார். 18 வயசுப் பையன் தேசிங்கு டில்லிக்குப் போய் அந்தக் குதிரை மேல் ஏறி அடக்கி, அப்பாவை மீட்டுக்கொண்டு வருகிறான். வரலாற்றுப் புத்தகத்தில் இதைத் தேடாதீர்கள். கூத்தில் இந்த இடம் வரும்போது தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பசங்க எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். குதிரை இல்லாமலே ஒருத்தர் குதிரை ஓட்டுவதை நாம் நம்பிவிடுவோம். தேசிங்கின் குதிரை பேர் நீலவேணி. பேட்மேன் காரைவிட எனக்கு நீலவேணிதான் பெரிசு.

1714ல் சொரூப் சிங் இறந்துபோனார். தேசிங்கு வந்து கோட்டையின் பொறுப்பை ஏற்றார். அப்போ ஆற்காட்டில் நவாபாக இருந்தவர் சாதத்துல்லா கான். சொரூப் சிங் கட்டாமல் விட்ட கப்பப் பாக்கி நிறைய இருக்கிறது, அதைக் கட்டு என்று ஆள் அனுப்பினார். டில்லியிலும் சக்கரவர்த்தி மாறிவிட்டார், அதனால் பழைய உத்தரவு செல்லாது, புதுசாக அனுமதி வாங்கணும் என்பது நவாப் பக்கத்து வாதம். எங்கள் வம்சத்துக்குச் சக்கரவர்த்தி கொடுத்த கோட்டை, நடுவில் நவாபுக்கு ஏன் கட்டணும் என்பது தேசிங்கின் வாதம். இரண்டு பக்கமும் பேசி முடித்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும். பாக்கி என்பது பாக்கிதானே. ஆனா 22 வயசு, புதுசாக வந்த பதவி, அப்பா கௌரவம். தேசிங்கு முடியாது என்று சொல்லிவிட்டார். நவாப் படையோடு கிளம்பினார்.

இப்போ நம்ம சிங்கவரத்துக் கதைக்கு வருகிறேன். சண்டைக்குப் போகும் முன் தேசிங்கு நம்ம மலைமேல் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்க வந்தாராம். சாமிக்கு அவரை அனுப்ப மனசு இல்லை. போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதனால்தான் பள்ளிகொண்ட ரங்கநாதர் தலை இன்றைக்கும் ஒருபக்கமாகத் திரும்பியிருக்கு என்று நம்ம ஊரில் எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். ஆனா ஒன்று யோசியுங்கள். அது பல்லவர் காலத்தில் மலைப்பாறையைக் குடைந்து செதுக்கிய கோயில். சாமியும் அதே பாறைதான், தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்தது இல்லை. தேசிங்கு பிறப்பதற்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சிற்பி அப்படித்தான் செதுக்கியிருக்கிறார். அப்போ இந்தக் கதை எப்படி வந்தது? சண்டை முடிந்த பிறகு நம்ம ஊர்க்காரர்கள் மலையேறிப் போய், அந்த முகத்தைப் பார்த்து, சாமிக்கே இது தெரிந்திருக்கு என்று சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பார்கள். இது என் யோசனைதான். சாமி வரம் கொடுத்து அனுப்பிய ஹீரோ கதை நிறைய இருக்கு. சாமி வேண்டாம் என்று சொல்லியும் போன ஹீரோ கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

அடுத்தது மகபத்கான். தேசிங்கின் உயிர் நண்பர். புதுச்சேரி போகிற பக்கம் இருக்கிற வழுதாவூர்க் கோட்டை அவர் பொறுப்பில் இருந்தது. சண்டைச் செய்தி வந்தபோது அவருக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர் பந்தலை விட்டு எழுந்து குதிரை ஏறிவிட்டார். ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். எதிரில் வந்த நவாபும் முஸ்லிம். இதை எல்லாம் மகபத்கான் கணக்குப் பார்க்கவே இல்லை. கூட்டாளி கூப்பிட்டான், போனார். எனக்குக் கேட்டால் இந்தக் கதையில் பெரிய ஹீரோ இவர்தான். தேசிங்கு தன் கோட்டைக்காகப் போனார். மகபத்கானுக்கு அதில் என்ன லாபம்?

1714 அக்டோபர் 3. மழைக்காலம், ஆற்றில் வெள்ளம். தேவனூர், கடலி பக்கத்துச் சமவெளியில் இரண்டு படையும் மோதின. தேசிங்கு பக்கம் 350 குதிரைவீரர், 500 காலாள் என்றும் நவாப் பக்கம் 8,000 குதிரை, 10,000 சிப்பாய் என்றும் எழுதியிருக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள். ஒருத்தருக்கு 21 பேர் வருது. கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால்? முகலாயப் படைக்கே எட்டு வருஷம் ஆன கோட்டை அது. இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டாலும் தேசிங்கு வெளியேதான் வருகிறார். வெள்ளத்தில் குதிரையை இறக்கி, ஆற்றைக் கடந்து, நேராக நவாப் படைக்குள் புகுந்தார். மகபத்கான் விழுந்தார். நீலவேணி விழுந்தது. கடைசியில் தேசிங்கு துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார் என்பது வரலாறு. கதையில் வேறு மாதிரி சொல்வார்கள். எந்த எதிரியாலும் அவரைக் கொல்ல முடியவில்லை, நண்பனும் குதிரையும் போன பிறகு அவரே வாளை ஆகாயத்தில் எறிந்து மார்பில் ஏந்திக்கொண்டார் என்று. குண்டடி பட்டுச் சாவதை ஊரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை போல.

நவாப் அந்த உடலை அவமதிக்கவில்லை. ராஜ மரியாதையோடு தகனம் செய்ய வைத்தார். கோட்டைக்குக் கீழே செட்டிகுளம் இருக்கு இல்லையா, அதன் கரையில் உள்ள மேடைதான் அந்த இடம் என்று காட்டுவார்கள். அங்கேயே அவர் மனைவி ராணிபாயும் தீயில் இறங்கினார். அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது என்று சொல்வார்கள். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கதை மேல் கோபம் வரும். கதை சொல்கிறவர்கள் குதிரைக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூட ராணிபாய்க்குக் கொடுப்பதில்லை. அவர் வடக்கேயிருந்து வந்த சின்னப் பெண். உடன்கட்டை ஏறுவதை 1829ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அவருக்கு அது 115 வருஷம் லேட்.

அதுக்கப்புறம் கோட்டை நவாபிடம் போய், 1750ல் பிரெஞ்சுக்காரர்களிடமும் 1761ல் ஆங்கிலேயர்களிடமும் போனது. அவர்கள் பேரில் யாரும் கூத்துக் கட்டவில்லை.

சரி, தேசிங்கு கதையை எதில் பார்க்கலாம், எதில் படிக்கலாம்? இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1960ல் வந்த ராஜா தேசிங்கு படத்தை டி.ஆர்.ரகுநாத் இயக்கினார். எம்.ஜி.ஆருக்கு அதில் இரட்டை வேடம். பானுமதி, பத்மினி, எஸ்.எஸ்.ராஜேந்திரன் எல்லாரும் இருக்கிறார்கள். இசை ஜி.ராமநாதன். நண்பன் வேடத்தில் எஸ்.எஸ்.ஆருக்காகவும், பாட்டுக்காகவும் ஒருதடவை பார்க்கலாம். ஆனா இரட்டை வேடத்துக்காக இல்லாத ஆளை எல்லாம் கதையில் சேர்த்திருக்கிறார்கள். பரீட்சையில் இதைப் பார்த்து எழுதினால் முட்டைதான். 1936லேயே இதே பேரில் ஒரு படம் வந்திருக்கு. 2013ல் விமல் நடித்து வந்த தேசிங்கு ராஜா காமெடிப் படம், அதில் நம்ம ராஜாவைத் தேடி ஏமாறாதீர்கள்.

படத்தைவிட நான் சிபாரிசு பண்ணுவது கூத்து. விடிய விடிய நடக்கும், மறுநாள் வகுப்பில் கண் சொக்கும், பரவாயில்லை. தேசிங்கு விடைபெறும் கட்டம் வரும்போது தாத்தாக்கள் துண்டால் கண்ணைத் துடைப்பதைப் பாருங்கள். முடிவு அவங்களுக்கு மனப்பாடம். இருந்தும் ஒவ்வொரு தடவையும் இந்த முறையாவது போகாம இருக்க மாட்டானா என்ற மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

படிக்க நினைக்கிறவர்களுக்கு பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை. தாள் மட்டமாக இருக்கும், எழுத்து நிஜமாகவே பெரிசு, கண்ணாடி இல்லாத பாட்டியும் படிக்கலாம். பாட்டு மாதிரி இருப்பதால் மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படிக்கணும். மகபத்கான் கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்திருக்கிற பக்கத்தில் இருந்து ஆரம்பித்தாலும் தப்பில்லை. படித்து முடித்தவர்கள் நீலாம்பூண்டிக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள். மகபத்கானையும் நீலவேணியையும் அடக்கம் பண்ணிய இடம் அங்கேதான் இருக்கு. ராஜாவுக்குச் செட்டிகுளத்தில் மேடை, நண்பனுக்குப் பக்கத்தில் குதிரை.

9ஆம் வகுப்பு மாணவி,
சிங்கவரம்.